காலடிக்கு ஒரு டார்ச்

எனக்கு முப்பத்தொன்பது வயது முடிந்த வருடம், ஒரு மாலை ஆறரை மணிக்கு அலுவலகத்திலிருந்து திரும்பி, அல்வாலில் எங்கள் அடுக்ககத்தின் செல்லாரில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். வண்டி நிறுத்தும் கீழ்த்தளத்தை ஹைதராபாத்தில் செல்லார் என்றுதான் சொல்வார்கள். லிஃப்டை நோக்கிப் பத்தடி நடந்திருப்பேன். யாரோ சாய்த்து நிறுத்தியிருந்த பைக்கின் மேல் போய் விழுந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டது.

ஓடி வந்த காவலாளி என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, "லைட் உந்தி கதா மேடம்?" என்று கேட்டார். விளக்கு எரிகிறதே என்கிறார். அவர் குறை சொல்லவில்லை, புரியாமல்தான் கேட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் ஒரு குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் மற்றவர்களுக்குத் தரை தெரிகிறது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

திருநெல்வேலியில் சிறுமியாக இருந்தபோது, சினிமா தியேட்டருக்குள் நுழைந்ததும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வேன். எல்லாரும் தட்டுத்தடுமாறித்தான் இருக்கையைத் தேடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். எதையும் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வேறொரு கண் இருந்ததில்லை.

எலும்பு மருத்துவர்தான் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே நெற்றியை ஒரு கிண்ணத்துக்குள் வைத்து, சிறு புள்ளி மின்னுவது தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறகு ஒரு தாளைக் காட்டினார் மருத்துவர். நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். சுற்றிலும் கறுப்பு. மற்றவர்களுக்கு நூற்றெண்பது டிகிரி அகலம் தெரிகிற இடத்தில் உங்களுக்கு முப்பதுதான் தெரிகிறது என்றார். விழித்திரையின் ஓரங்கள் மெல்லச் செயலிழந்துவருகின்றன என்றார். எங்கள் ஊரில் மாலைக்கண் என்றால் கீரை சாப்பிடாததால் வருவது என்று நினைப்பார்கள். என்னுடையது பிறப்பிலேயே வந்தது. அம்மாவும் அப்பாவும் சொந்தமா என்று கேட்டார். அத்தை மகள், மாமன் மகன் என்றேன். எழுதிக்கொண்டார்.

"நடுப்பார்வை ரொம்ப வருஷம் நல்லாவே இருக்கும். இப்போதைக்குச் சிகிச்சை இல்லை. நல்ல டார்ச் ஒண்ணு கையில் வைத்துக்கொள்ளுங்கள். மகளையும் ஒருமுறை கூட்டிவாருங்கள், பார்த்துவிடலாம்" என்றார் ஆங்கிலத்தில்.

கடைசி வாக்கியத்தை நான் வீட்டில் சொல்லவில்லை.

என் கணவர் ராமச்சந்திராபுரத்தில் ஒரு கனரகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் மாலையில் கம்பெனி பஸ்ஸில் வருவார். அதிகம் பேசமாட்டார். எதையாவது வாங்கிவந்தோ முடுக்கியோ தன் கவலையைத் தீர்த்துக்கொள்கிறவர். அந்த வாரமே ஒரு டார்ச் வந்து சேர்ந்தது. கறுப்பு அலுமினியம், என் முன்கை நீளம்.

"ஒரு கிலோமீட்டர் அடிக்கும்னு போட்டிருக்கான். வா, மாடிக்குப் போவோம்" என்றார்.

மொட்டைமாடியில் நின்று அடித்தார். நாலு தெருவுக்கு அப்பால் இருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள்கூட எனக்குத் தெரிந்தன.

"பாத்தியா!" என்றார். அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

"பிரமாதமா இருக்குங்க" என்றேன். திரும்பி இறங்கும்போது அந்த டார்ச்சை என் காலுக்கு நேரே பிடித்தேன். ஒரு சின்னத் தட்டளவு இடம் கண்ணைக் கூசவைத்தது. அதற்கு வெளியே படிக்கட்டே இல்லை.

ஆனாலும் அதையே வைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து ஒரு மாலை மின்சாரம் போய், லிஃப்ட் நின்றுவிட்டது. எங்கள் வீடு நான்காம் மாடி. டார்ச்சை உச்ச வெளிச்சத்தில் வைத்து ஏறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வெளிச்சம் திடீரென்று மங்கியது. அணையவில்லை, மங்கியது. நான் முதலில் நினைத்தது டார்ச்சைப் பற்றி அல்ல. மருத்துவர் பல வருடம் என்று சொன்னாரே, இவ்வளவு சீக்கிரமா என்றுதான் நினைத்தேன். சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். பள்ளியிலிருந்து வந்து வீட்டில் இருந்த மகள், என்னைக் காணோமே என்று இறங்கி வந்து கூட்டிப்போனாள். "வாட் ஹேப்பண்ட்?" என்றாள். மூச்சு வாங்கியது என்று சொன்னேன்.

மறுநாள் கணவர் டார்ச்சைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "பழுது. திருப்பி அனுப்பிருவோம்" என்றார்.

நான் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். இயந்திரத்தை எப்படிக் கழுவ வேண்டும், மாதிரியை எப்படி எடுக்க வேண்டும் என்று செய்முறைக் குறிப்புகள் எழுதுவது என் தொழில். எதையும் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் அதனுடன் வந்த தாளைப் படிக்காமல் என்னால் இருக்கமுடியாது. அந்தத் தாளில் பொடி எழுத்தில் 'ஸ்டெப்-டவுன்' என்று ஒரு வார்த்தை இருந்தது. உச்ச வெளிச்சத்தில் சூடு ஏறுவதால், சில நிமிடங்களில் டார்ச் தானாகவே தன்னைக் குறைத்துக்கொள்ளும். பழுது ஒன்றுமில்லை. என் கண்ணுக்கும் புதிதாக ஒன்றும் ஆகவில்லை. அதை இரண்டு முறை படித்தேன்.

அந்த ஒரு வார்த்தையைத் தேடிப் போனதில்தான் டார்ச் பிரியர்கள் என்று ஒரு கூட்டம் உலகத்தில் இருப்பது தெரிந்தது. வீட்டில் முப்பது, நாற்பது டார்ச் வைத்துக்கொண்டு அவற்றைப் பற்றி இணையத்தில் ஓயாமல் பேசுகிறவர்கள். நம் நாட்டுக்காரர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. எல்லாரும் புனைபெயரில் எழுதினார்கள். நான் மூன்று வாரம் வாயைத் திறக்காமல் படித்தேன்.

அவர்களுடைய வார்த்தைகள் எனக்குப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பொருளைச் சொன்னது. லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது ஒரு திசையில் அது எவ்வளவு கூர்மையாகப் போகிறது என்பது. தூரம் போகிற ஒளிக்கு த்ரோ, பரந்து விழுகிற ஒளிக்கு ஃப்ளட். நடுவிலிருக்கும் பளிச்சென்ற வட்டம் ஹாட்ஸ்பாட். அதைச் சுற்றிச் சிந்துகிற மங்கல் வெளிச்சம் ஸ்பில். பெட்டியில் ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் பௌர்ணமி நிலவளவு வெளிச்சம் மிஞ்சும் என்றுதான் அர்த்தமாம். நிலவு வெளிச்சத்தில் எனக்கு எதுவும் தெரியாது. ஆகவே அந்தக் கிலோமீட்டர் எனக்காக அளந்த கிலோமீட்டர் இல்லை.

கடைசியில் ஒருநாள் எழுதினேன். என் கால், அதற்கு முன்னால் இரண்டடி, பக்கத்துச் சுவர், இவை மூன்றும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும், எந்த டார்ச் வாங்கலாம் என்று கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதினேழு பதில்கள். பாதிப் பேர் காட்டுக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். மீதிப் பேர் தங்களிடம் இருப்பதிலேயே பெரிதைச் சொன்னார்கள். கடைவாய்ப்பல் என்ற பொருளில் புனைபெயர் வைத்திருந்த ஒருவர் மட்டும் வேறு மாதிரி கேட்டிருந்தார்: "உங்களுக்கு எத்தனை டிகிரி தெரிகிறது?"

நான் என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. தனிச்செய்தியில் முப்பது என்று அனுப்பினேன். வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் வெளியே யாரிடமும் அந்த எண்ணை அதற்கு முன்னால் சொன்னதில்லை. உடனே பதில் வந்தது. நீங்கள் எந்த ஊர் என்று. ஹைதராபாத்தில் அல்வால் என்றேன். நான் பக்கத்தில் சைனிக்புரிதான், சனிக்கிழமை காலை என் கிளினிக் காலியாக இருக்கும், வந்து போட்டுப் பாருங்கள் என்று.

ஐம்பது வயது ஆண் ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். கதவைத் திறந்தவர் என் வயதுப் பெண், பல் மருத்துவர். முடியைப் பின்கழுத்தில் க்ளிப்பில் அடக்கி, கையுறையோடு நின்றார்.

"நீங்கதானா...?" என்று அந்தப் புனைபெயரைச் சொல்லி இழுத்தேன்.

"ஹவ், நான்தான். கைக்கு இப்படிப் பாக்குறீங்க? ஆம்பளைன்னு நெனைச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. உள்ளே வாங்க அக்கா."

நான்கு தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம் அவருடையது. அவருடைய தமிழில் ஹிந்துஸ்தானியும் தெலுங்கும் ஏறி உட்கார்ந்திருந்தன. ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு. பல்லின் நிறத்தைச் சரியாகப் பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும், அதைத் தேடப்போய் இந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்டது என்றார். எப்படி என் கண்ணைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "கால் தெரியணும்னு கேட்டீங்க இல்ல? கண்ணு சரியா இருக்கிறவங்களுக்குக் கால் எங்கே இருக்குன்னு ஞாபகமே வராது. எங்க சித்தப்பாவுக்கு இதே பிரச்சனை."

ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டு, பத்துப் பன்னிரண்டு டார்ச்களை மேசையில் அடுக்கினார். தரையில் காட்டன் உருண்டைகளையும் காகிதக் கோப்பைகளையும் போட்டார். ஒவ்வொரு டார்ச்சாக என் கையில் கொடுத்து, எத்தனை தெரிகிறது என்று எண்ணச் சொன்னார். மிகப் பெரிய டார்ச்சில்தான் நான் மிகக் குறைவாக எண்ணினேன். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிய ஒளியில் கண் கூசியது.

"நக்கோ நக்கோ, வேண்டாம் அது, கீழே வைங்க. ஜாஸ்தி லூமென் உங்களுக்கு எதிரி" என்றார்.

கடைசியில் கட்டைவிரல் அளவே இருந்த ஒன்றை எடுத்தார். அதற்கு ஹாட்ஸ்பாட்டே கிடையாது. பால் ஊற்றினதுபோல ஒரே சீராகத் தரை முழுக்கப் பரவியது. லேசான மஞ்சள் சாயல். அந்தச் சாயலுக்கு டின்ட் என்றும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்றும் விளக்கினார். சிஆர்ஐ கூடுதலாக இருந்ததால், பழுப்பு மிதியடியின் ஓரமும் சிவப்புத் தரையும் பிரிந்து தெரிந்தன. எல்லா உருண்டைகளையும் எண்ணிவிட்டேன். ஒன்பது. சரிதான் என்றார். அதுவரை எந்தப் பரீட்சையில் தேறியதற்கும் நான் அப்படி மகிழ்ந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் திரும்பினேன். அவர் மேசை ஓரத்தில் எனக்கென்று வைத்திருந்த தண்ணீர் டம்ளர் என் முழங்கை பட்டுக் கீழே விழுந்து உடைந்தது. ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார். அறையில் பட்டப்பகல் வெளிச்சம்.

அவர் குனிந்து கண்ணாடியைப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே, "எதுல வந்தீங்க?" என்றார்.

"ஸ்கூட்டர்ல."

"இந்த டார்ச்சை நீங்களே வைச்சுக்குங்க. ஆனா வண்டிச் சாவியை இங்கே வைச்சுட்டுப் போங்க அக்கா."

"பகல்ல எனக்குப் பிரச்சனை இல்லை. நான் தினமும் ஓட்டுறேன்."

"டம்ளரும் பகல்லதான் உடைஞ்சது" என்றார். குரலை உயர்த்தவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நன்றி சொல்லிவிட்டு, சாவியோடு கிளம்பினேன். சைனிக்புரியின் உள்தெருக்களில் நிழலும் அமைதியும் அதிகம். மெதுவாகத்தான் ஓட்டினேன். ஒரு குறுக்குத் தெருவில் இடது பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் என் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் காலை ஊன்றி நின்றார். வெற்றிடத்திலிருந்து முளைத்ததுபோல இருந்தது எனக்கு.

"அந்தி ஹை க்யா?" என்று கத்தினார். குருடியா என்று.

வழக்கமாகச் சாலையில் யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்கிற கேள்வி. என்னிடம் அதற்குச் சரியான பதில் இருந்தது. அவர் திட்டிக்கொண்டே போனார். நான் இன்ஜினை அணைத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரதான சாலைவரை வந்து, ஒரு கடை வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். சாவியைக் கணவர் கையில் கொடுத்து, வண்டி இருக்குமிடத்தைச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஓட்டிவந்தார். திங்கட்கிழமை அலுவலகத்தில் மனிதவளப் பிரிவில் மருத்துவர் தாளைக் கொடுத்தேன். மாலை நேரப் பணி வேண்டாம், அலுவலக வண்டி வேண்டும் என்று எழுதிக்கேட்டேன். இரண்டும் கிடைத்தன. இரண்டு வருடம் முன்பே கேட்டிருக்கலாம் என்றார் என் மேலாளர். முன்பு எனக்கே தெரியாது என்றேன்.

மகள் விஷயம் மட்டும் அப்படியே இருந்தது. அவளுக்குப் பதினான்கு வயது. நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ வரும். என் கணவர் எனக்குச் சொந்தம் இல்லை, ஆகவே அவளுக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அது எனக்குப் போதுமானதாக இல்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவும் துணிவில்லை.

பல் மருத்துவர் தந்த டார்ச்சில் மூன்லைட் என்று ஒரு நிலை இருந்தது. ஒரு லூமெனுக்கும் குறைவான ஒளி. எனக்கு அந்த நிலையில் டார்ச் எரிவதே தெரியாது, முகத்துக்கு நேரே திருப்பினால்தான் தெரியும். ஒரு ஞாயிறு மதியம் படுக்கையறையின் திரைகளை இழுத்துவிட்டு, கதவிடுக்கில் துண்டு வைத்து அடைத்தேன். மகளைக் கூப்பிட்டு, டார்ச்சை மூன்லைட்டில் வைத்து அவள் கையில் கொடுத்து, புது டார்ச்சைச் சோதிக்கிறேன், அறையில் ஐந்து பொருள் ஒளித்திருக்கிறேன், கண்டுபிடி என்றேன். கத்தரிக்கோல், ரப்பர் பேண்டு, ஒரு கறுப்புப் பொத்தான், இப்படி.

நான்கை எடுத்துவிட்டாள். பொத்தானைக் காணோம்.

"நல்லாத் தேடு" என்றேன்.

"ஐ டிட்."

"கட்டில் கால்கிட்டப் பாரு. அங்கேதான் இருக்கு. தெரியலையா? உண்மையைச் சொல்லு, தெரியலையா?"

என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் நின்றுவிட்டாள். இருட்டில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு என் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

"அம்மா, ஆர் யூ டெஸ்டிங் மீ?" என்றாள்.

அவள் போய்த் திரையை விலக்கினாள். பொத்தான் என் காலடியிலேயே கிடந்தது. நான் கட்டிலில் உட்காரும்போது என் புடவை பட்டு உருண்டு வந்திருக்கிறது. அவள் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நேனு சின்னபில்லனா? செப்பொச்சு கதா" என்றாள். நான் என்ன சின்னப் பிள்ளையா, சொல்லியிருக்கலாமே என்று. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். மருத்துவர் சொன்ன கடைசி வாக்கியத்தை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். எட்டு மாதம் தாமதம். மாலையில் கணவரிடமும் சொன்னேன். அவர் எழுந்து சமையலறைக்குப் போய் நெடுநேரம் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "புதன்கிழமை லீவு போட்டிருதேன்" என்றார்.

கிண்ணப் பரிசோதனையில் அவளுடைய தாள் முழுக்க வெள்ளையாக இருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவுக்குச் சில வாரம் காத்திருந்தோம். என்னிடமிருந்து அந்தக் குறையை ஒரு பங்கு வாங்கிக்கொண்டிருக்கிறாள், அப்பா பக்கமிருந்தும் ஒரு பங்கு வந்தால்தான் நோய், ஆகவே அவளுக்கு வராது என்று வந்தது. கணவர் மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே தொழிற்சாலைக்குப் போன் செய்து ஏதோ வால்வைப் பற்றிச் சத்தமாகப் பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

அன்றைக்கே அந்த மருத்துவமனையின் பார்வைக்குறைவுப் பிரிவில் என்னை உட்காரவைத்தார்கள். அங்கிருந்த ஆலோசகர், டார்ச் பற்றிக் கேட்கிற எல்லாருக்கும் 'நல்ல பவரான டார்ச் வாங்குங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பவர் என்றால் எது என்று கேட்டேன். லூமென், த்ரோ, ஸ்பில் என்று நான் ஆரம்பித்ததும், எழுதித் தரமுடியுமா என்றார்.

ஆங்கிலத்தில் எழுதினேன். என் தொழிலே அதுதான். ஒரே தாள், முன்னும் பின்னும். தூரம் போகும் டார்ச் உங்களுக்கு வேண்டாம், அகலமாக விழுவது வேண்டும். ரன்டைம் என்பது ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் எரியும் என்பது, நீங்கள் பயன்படுத்தும் நிலையில் அது எவ்வளவு என்று கேளுங்கள். பைக்குள் தானாக எரிந்து தீராமல் இருக்க பொத்தானைப் பூட்டிவைக்கும் லாக்-அவுட்டைப் போடுங்கள். ஸ்டெப்-டவுன் பற்றி எழுதும்போது, 'வெளிச்சம் திடீரெனக் குறைந்தால் பயப்பட வேண்டாம், குறைந்தது டார்ச்தான்' என்று சேர்த்தேன். ஏற்கெனவே பெரிய டார்ச் வாங்கிவிட்டவர்களுக்காக, குளியலறை ஜன்னலில் ஒட்டும் மங்கல் ஸ்டிக்கரை வட்டமாக வெட்டி டார்ச்சின் முன்கண்ணாடியில் ஒட்டினால் ஒளி பரந்துவிடும் என்று பல் மருத்துவர் சொல்லச் சொன்னார். கணவருடைய டார்ச்சில் ஒட்டிப் பார்த்துவிட்டே எழுதினேன். ஒரு கிலோமீட்டர் போய்விட்டது, படிக்கட்டு வந்தது. தனக்கு வருத்தமில்லை என்றார் கணவர்.

தெலுங்கில் மகள் எழுதிக்கொடுத்தாள். ஸ்பில்லுக்கு என்ன வார்த்தை போடுவது என்று இரண்டு நாள் வைத்திருந்தாள். கடைசியில் 'பக்கவெளுகு' என்று எழுதினாள். பக்கத்து வெளிச்சம். பல் மருத்துவர் படித்துவிட்டு, "ஆங்கிலத்தைவிட இது பெட்டரா இருக்கே அக்கா" என்றார்.

அடுத்த வருடப் பரிசோதனைக்குப் போனபோது, வராந்தாவில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் தன் தங்கைக்கு அந்தத் தாளை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டிக்கர் ஒட்டுவது இருக்கிற பின்பக்கத்தை முதலில் படி என்று தங்கை அதட்டினாள். என் முறை வந்தது. கிண்ணத்துக்குள் நெற்றியை வைத்தேன். இருபத்தெட்டு டிகிரி.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எண்ணைச் சொன்னேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "செல்லார்ல லிஃப்டுக்குப் போற ஏத்தத்துக்கு ஒரு கைப்பிடி வைச்சிருவோம். ரெண்டாவது மாடித் திருப்பத்துலயும் ஒண்ணு" என்றார். ஞாயிற்றுக்கிழமை டிரில்லோடு இறங்கினார். துளை போடும் இடத்தைக் காட்டச் சொன்னார். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.